முயற்சி போதாது

என் வேலை சின்னது.
"இழுங்க, இழுங்க, இழுங்க,
இப்ப ஊதுங்க, விடாதீங்க" என்று கத்துவது.
ஆறு நொடி. மூன்று தடவை.
அட்டைக் குழாய்க்குள் போகும் காற்று
திரையில் ஒரு கோடாக ஏறி இறங்கும்.

கென்டக்கியின் கிழக்கு மூலை, மேர்லிக் ஓடை.
மருந்துக்கடைக்கும் மூடிய வங்கிக்கும் நடுவே
எங்கள் கருநுரையீரல் கிளினிக்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் ஆள் ஆர்வில் ஸ்டைடம்.
வயது நாற்பத்து நான்கு.
இருபது வருஷம் முப்பத்தாறு அங்குல உயரத்தில்
முழங்காலால் நடந்தவர்.
கரி மெலிந்து போய்,
கரிக்காகப் பாறையை அறுத்த காலத்தில் சேர்ந்தவர்.
ஊதினார். ஒன்றரை லிட்டர்.
மறுபடி. அதைவிடக் கொஞ்சம் குறைவு.
மூன்றாவதில் இருமல்.
இயந்திரம் எழுதியது:
முயற்சி போதாது.

போன தடவையும் அதேதான்.
கம்பெனி வக்கீல் அந்த இரண்டு சொல்லுக்கும்
மஞ்சள் பூசித் திருப்பி அனுப்பினார்.
கம்பெனி திவாலாகிவிட்டது.
வக்கீல் ஆகவில்லை.

சரி, கொஞ்சம் உட்காருங்க என்று சொல்லும்போதே
வாசலில் கார்கள்.
எங்கள் பிரதிநிதி,
எட்டாவது தடவையாக வாஷிங்டன் போகக் கேட்பவர்,
கூடவே மண் படாத பூட்ஸ் போட்ட நாலு பையன்கள்.
"நானும் ஊதிப் பார்க்கிறேனே" என்றார்.

நான்கு லிட்டர் எண்பது.
கோடு விறுவிறுவென்று ஏறி, அவசரப்படாமல் இறங்கியது,
என் ஆறாம் வகுப்பு ஜன்னலில் தெரிந்த
பியர்வாலோ மலை மாதிரி.
அந்த மலை இப்போது கிடையாது.
உச்சியைச் சீவி ஓடையில் கொட்டிவிட்டு,
மலையை முழுங்கின கம்பெனி
ஏப்பம்கூட விடாமல் வேறு பெயர் வைத்துக்கொண்டது.
சமமான இடத்தில் சிறைச்சாலை வந்தது.
என் புருஷன் லோனி அங்கேதான் காவல்.
மக்கள்தொகைக் கணக்கில்
கைதிகளும் எங்கள் ஊர்க்காரர்கள்.
ஓட்டு மட்டும் கிடையாது.

"போட்டோ சரியா விழல சார், இன்னொரு தடவை."
ஊதினார்.
"இந்தப் பக்கம் திரும்பி."
ஊதினார்.
நானும் சளைக்காமல் கத்தினேன்.

ஓரத்து நாற்காலியில் ஆர்வில்.
சிலிண்டர் முள் சிவப்பை நெருங்கிக்கொண்டிருந்தது.
வீட்டுக்கு ஐம்பது நிமிஷம்.
எங்கள் ஊரில்
மூச்சு விடாமல் இருப்பதற்கு
இரண்டு அர்த்தம்.

எனக்கு மட்டும் என்ன வாய் இருக்கிறது?
என் சம்பளத்தில் பாதி
அவர் வாங்கித் தந்த மானியம்.
வரவேற்பறைப் பலகையில் அவர் பெயர் பெரிதாக,
அதற்குக் கீழே குடிக்காதீர்கள் என்று ஒட்டிய குழாய்.

ஆர்வில் வீட்டு முற்றத்திலும் அவர் அட்டைதான்.
ஏன் என்று கேட்டேன்.
"வந்தாரே" என்றார்.
"மத்தவன் போன் பண்ணிக்கூடக் கேக்கலையே."

நவம்பரில் நூற்றுக்கு எண்பத்தொன்று.
அதில் என்னுடையதும் ஒன்று.
ஒளிக்க எதுவும் இல்லை.

டிசம்பரில் அரசாங்கக் கடிதம்.
விண்ணப்பதாரர் ஆர்வில் ஸ்டைடம்,
மூன்று சோதனையிலும் நுரையீரல் நல்ல நிலையில்.
முயற்சி: மிக நன்று.
உதவித்தொகை மறுக்கப்படுகிறது.

அன்றைக்குத் திரையில் நான் பெயரை மாற்றவில்லை.
கேமரா வெளிச்சத்தில் தோன்றவேயில்லை.
திருத்தக் கேட்டு ஏழு படிவம் போட்டிருக்கிறேன்,
ஆறுக்குப் பதில் இல்லை,
ஏழாவது பிரதிநிதியின் அலுவலகத்தில் பரிசீலனையில்.

சொல்லித்தானே ஆகவேண்டும்.
ஓடைப் பாலம் தாண்டி அவர் டிரெய்லர் வரைக்கும் போய்
படி ஏறாமல் நின்றே சொன்னேன்:
உங்கள் பேரில் அவர் மூச்சு விட்டுவிட்டார்.

ஆர்வில் கடிதத்தை மடித்தார்.
சிரிக்கப் பார்த்தார், பாதியில் நின்றது.
குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டு,
ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாகக் காற்று எடுத்துச்
சொன்னார்:

"அதுக்குத்தானே
அனுப்பினோம்."